சைலன்சருக்குள் மூன்று சல்லடை

உலகத்தில் ஒலியை முந்திப் போகும் வண்டிகள் இரண்டே இரண்டுதான். ஒன்றை அமெரிக்காக்காரன் பாலைவனத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறான். இன்னொன்று சிவகாசியில், வெள்ளைத்துரையின் வீட்டு வாசலில், சீட்டில் கோழி முட்டையிட்டபடி நிற்கிறது. அது கிளம்பிவிட்டால் விஸ்வநத்தம் சாலையின் மைல்கற்கள் பயந்துபோய் ஓடைக்குள் இறங்கி நிற்கும். அந்த வண்டியைப் பார்த்த பிறகுதான் பட்டாசுக் கம்பெனிக்காரர்கள் ராக்கெட்டுக்குக் குச்சி வைக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இவ்வளவும் பொய் என்று காட்ட பெத்தணனின் சைக்கிள் போதும். பெத்தணன் சைக்கிளில் மோர் விற்கிறவர். கேரியரில் இரண்டு தூக்குவாளி, ஹாண்டில்பாரில் ஒரு மண்பானை. அந்தச் சைக்கிள் காலை எட்டரை மணிக்கு வெள்ளைத்துரையின் மூன்று சக்கர மோட்டார் வண்டியைத் தினமும் முந்திப் போகும்.

"என்ன அண்ணாச்சி, கயித்தக் கட்டி இழுக்கட்டுமா?" என்பார் பெத்தணன், மோர் தளும்பாமல்.

"நீ போ. ஒனக்கு மோரு புளிச்சிரும். எனக்கு லேபிளு புளிக்காது."

வெள்ளைத்துரைக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்று வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கால்களையும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. கால்களுக்குப் போக வேண்டியதெல்லாம் தோளுக்கும் வாய்க்கும் போய்ச் சேர்ந்தது. அச்சகங்களிலிருந்து பட்டாசு லேபிள் கட்டுகளை வாங்கி, விஸ்வநத்தத்தைத் தாண்டி இருக்கிற கம்பெனிகளில் கொண்டு போய்ப் போடுவது அவர் தொழில். வண்டியை அவரே யோசித்துக் கட்டினார். முன்பாதி ஒரு பழைய மொபெட், ஐம்பது சிசி எஞ்சின். பின்பாதியில் பட்டறையில் வெல்டு வைத்த அச்சும் இரண்டு சக்கரமும். உட்கார ஒரு பழைய சோபாவின் மெத்தை. முதுகுக்குப் பின்னால் லேபிள் பெட்டி. பெட்டி மூடியின்மேல் ஓர் ஆள் உட்காரலாம்.

கட்டிய புதிதில் அந்த வண்டி நாற்பதில் சீராகப் போகும். லோடு ஏற்றினாலும் நாற்பது. சட்டை முதுகில் காற்றடைத்துப் பலூன் போலப் புடைக்கும். வாழ்நாளில் ஓடிப் பார்க்காத ஒரு மனிதருக்கு நாற்பது என்பது என்ன என்று ஓடத் தெரிந்தவர்களுக்கு விளங்காது.

இரண்டாயிரத்து ஏழாம் வருடம் சித்திரையில் அதே வண்டி இருபத்துநாலில் போய்க்கொண்டிருந்தது.

அது யாருக்கும் பெரிய விஷயமில்லை. லேபிள் அரை மணி நேரம் பிந்தி வந்தால் எந்தக் கம்பெனியும் படுத்துவிடாது. ஆனால் வெள்ளைத்துரைக்கு அது பெரிய விஷயம். காரணம், அந்தச் சாலையில் ஓர் அரை கிலோமீட்டர்.

ஓடைப்பாலத்தில் தொடங்கி, ஒரு கம்பெனியின் இற்றுப்போன கேட்டில் முடியும் அரை கிலோமீட்டர் அது. கம்பெனி இப்போது இல்லை. லைசென்ஸ் போய், கூரை போய், நாலாம் நம்பர் அறையின் மூன்று சுவர்கள் மட்டும் கரி பிடித்து நிற்கின்றன. பாலத்தில் முன்சக்கரம் ஏறியதும் வெள்ளைத்துரையின் காதில் ஒரு குரல் கேட்கும்.

"நில்லுங்கண்ணே."

அவ்வளவுதான். கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு பெண், தெரிந்த வண்டியைப் பார்த்துக் கூப்பிடுகிற குரல். ஒருமுறை கேட்டால் பரவாயில்லை. இற்றுப்போன அந்தக் கேட்டைத் தாண்டும் வரைக்கும் விட்டு விட்டுக் கேட்கும். வண்டிக்குப் பின்னாலேயே யாரோ செருப்பில்லாமல் ஓடி வருவது போல.

வெள்ளைத்துரை எண்ணுவார். முதல் வருடம் ஐம்பத்தைந்து எண்ணுவதற்குள் அந்த இடம் கடந்துவிடும். அடுத்த வருடம் அறுபது. அதற்கடுத்த வருடம் அறுபத்தெட்டு. இந்தச் சித்திரையில் எழுபத்தைந்து. சாலை அதேதான். வண்டிதான் வருடத்துக்கு வருடம் மெதுவாகிக்கொண்டே வந்தது. இப்படியே போனால் ஒருநாள் குரல் நடந்து வந்தே பெட்டியில் ஏறிக்கொள்ளும் என்று அவருக்குத் தோன்றியது. வேறு பாதையும் கிடையாது. அவருடைய கம்பெனிகள் எல்லாம் அந்தப் பாலத்துக்கு அப்பால்தான் இருந்தன.

அந்தக் குரல் பஞ்சம்மாளுடையது. நாலாம் நம்பர் அறையில் திரி செருகிய பஞ்சம்மாள். தினமும் காலையில் பாலத்தில் நின்று கைகாட்டி, பெட்டிமேல் ஏறி, கேட்டில் இறங்கிக்கொள்வாள். கூலியாக ஒரு வெற்றிலையைக் கிள்ளி நீட்டுவாள். அவளுக்கு ஒரு மகன் உண்டு. அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைத்துரையின் லேபிள் பெட்டிக்குள் ஓணானை விட்டது, ஹாரனில் களிமண் அடைத்தது, ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டது ஆகியவை தவிர அவன் எதையும் சாதித்ததில்லை.

பஞ்சம்மாள் செத்து நாலு வருடம் ஆகப்போகிறது. இரண்டாயிரத்து மூன்றில், தீபாவளிக்கு முந்திய சீசனில், நாலாம் நம்பர் அறை வெடித்தது. அவளும் இன்னொரு பெண்ணும். வெடிப் பெட்டியைத் தரையில் வைத்து இழுத்ததில் உராய்வு ஏற்பட்டது என்று விசாரித்தவர்கள் எழுதிவிட்டுப் போனார்கள்.

"காளி, எனக்கு மறுபடி நாப்பது வேணும்லே" என்றார் வெள்ளைத்துரை, திருத்தங்கல் சாலையில் பட்டறை வைத்திருக்கும் காளீஸ்வரனிடம். "ஒரு நிமிசம் நாப்பது போயிட்டு மூச்சு வாங்குறது இல்ல. சீரா நிக்கணும். லோடோட."

"வயசான காலத்துல எங்கண்ணே இம்புட்டு அவசரமாப் போறீக?"

"பொண்ணு பாக்க."

"அதுக்கு இருபத்துநாலே சாஸ்திண்ணே."

காளீஸ்வரன் முப்பது வயதுக்காரன். பேச்சு அதிகம், கைவேலை அதைவிட அதிகம். முதலில் அவன் ஒரு நூலை எடுத்து முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை இழுத்துக் கட்டிப் பார்த்தான். இடது சக்கரம் ஒரு விரற்கடை வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வண்டியில் ஒரு சக்கரம் எப்போதும் ரோட்டைத் தேய்த்துக்கொண்டே போயிருக்கிறது என்றான். அச்சைச் சூடுகாட்டி நிமிர்த்தினான். இருபத்தாறு வந்தது.

அடுத்த வாரம் பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிரீஸ் வைத்தான். பிரேக் கட்டை டிரம்மை உரசிக்கொண்டிருந்ததைத் தளர்த்தினான். இருபத்தேழு. மழைக்குப் போட்டிருந்த ரெக்சின் கூரையைக் கழற்றி எறிந்தான். அது எதிர்க்காற்றைப் பிடித்து வண்டியை இழுக்கிறதாம். இருபத்தெட்டு. பெத்தணன் அன்றைக்கும் முந்திப் போனார். ஆனால் கொஞ்சம் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது.

பிறகு காளீஸ்வரன் எஞ்சினிலிருந்து செயினை இழுக்கும் சின்னப் பல்சக்கரத்தில் கைவைத்தான். பதினொரு பல் இருந்த இடத்தில் பன்னிரண்டு பல். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி முன்பைவிடக் கூடுதல் தூரம் போக வேண்டும். கணக்கு அப்படித்தான் சொன்னது. வண்டி கணக்குப் படிக்கவில்லை. லோடு ஏற்றியதும் இருபத்துரெண்டுக்கு இறங்கிக் கிழவன் மாடிப்படி ஏறுவது போல இருமியது. அன்று அந்த அரை கிலோமீட்டரைத் தாண்ட வெள்ளைத்துரை எண்பத்திரண்டு எண்ணினார்.

மறுநாள் பட்டறைக்கு வந்தபோது அவர் முகம் நன்றாக இல்லை.

"எஞ்சினுக்கு மூச்சு இல்லண்ணே" என்றான் காளீஸ்வரன். "உள்ள போற காத்து சரியா இருக்கு. வெளிய போறதுதான் எங்கயோ அடைக்குது. சைலன்சரக் கழட்டிப் பாத்துருவோம்."

"சைலன்சரத் தொடாத."

"ஏன்?"

"தொடாதன்னா தொடாத. வேற எதையாச்சும் பாரு."

"வேற பாக்க இனி உங்கள மட்டுந்தான் கழட்டணும். எழுபது கிலோ மிச்சம்."

வெள்ளைத்துரை சிரிக்கவில்லை. வழக்கமாக இதற்கு மூன்று பதில் சொல்லியிருப்பார். காளீஸ்வரன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"அண்ணே. சைலன்சருக்குள்ள என்ன வச்சிருக்கீக?"

பட்டாசுக் கம்பெனிகளுக்குள் வண்டி போவதற்கு ஒரு விதி இருக்கிறது. சைலன்சர் வாயில் ஒரு கம்பிச் சல்லடை போட்டிருக்க வேண்டும். புகையோடு நெருப்புப் பொறி பறந்தால் அதில் மாட்டிச் செத்துவிடும். சல்லடை இல்லாத வண்டி கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். மனிதர்களுக்கும் ஒரு விதி உண்டு. செருப்பை வெளியே கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே நடக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் பால்குடி மறப்பதற்கு முன்பே தெரியும்.

"அன்னைக்கு என் வண்டியில சல்லடை இல்லடா" என்றார் வெள்ளைத்துரை.

"என்னைக்கு?"

"பஞ்சம்மா செத்த அன்னைக்கு. ஒரு வாரம் முந்தியே கழண்டு விழுந்திருச்சு. மாட்டுவோம் மாட்டுவோம்னு இருந்தேன். மாட்டல. அது இல்லாம வண்டி நாப்பத்தஞ்சு போச்சு. ருசி பழகிருச்சு." கொஞ்ச நேரம் ஹாண்டில்பாரைத் தடவினார். "அன்னைக்குத் தூத்தல். கேட்டுல ஆளக் காணோம். சேல நனைஞ்சா நாள் பூரா ஈரத்தோட ஒக்காந்திருக்கணும், உள்ள கொண்டு போய் விடுதேன்னு நான்தான் சொன்னேன். அவ வேண்டாம்னா. உள்ள நிக்கிற வேம்பு வரைக்கும் போயிட்டேன். அங்கன இறக்கி விட்டுட்டு, வண்டியத் திருப்பி, நல்லா முறுக்கிட்டு வெளிய வந்தேன். பாலத்துக்கு வரையில வெடிச்சிருச்சு."

காளீஸ்வரன் சைலன்சரைத் திரும்பிப் பார்த்தான்.

"அதுக்கப்புறம் சல்லடை போட்டேன். பாத்திரக் கடையில பித்தள டீ வடிகட்டி வாங்கி, வலைய வெட்டி, நானே உள்ள அடிச்சேன். ஒண்ணு போட்டேன். தூக்கம் வரல. இன்னொண்ணு போட்டேன். அப்பறம் இன்னொண்ணு."

"மூணா?"

"மூணு."

"நாலு வருசமாத் தொறக்கவே இல்லையா?"

"இல்ல."

காளீஸ்வரன் எழுந்து போய், பட்டப்பகல் இரண்டு மணிக்குப் பட்டறையின் ஷட்டரை உள்ளிருந்து இழுத்து மூடினான். சைலன்சரைக் கழற்றி மூன்று வலைகளையும் நோண்டி எடுத்தான். ஒவ்வொன்றும் கருகிய உளுந்த வடை மாதிரி கெட்டியாக இருந்தது. வலையின் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. இந்த எஞ்சின் நாலு வருடம் எப்படி உயிரோடு இருந்தது என்பதே அவனுக்கு அதிசயமாக இருந்தது. வெறும் சைலன்சரைத் திரும்ப மாட்டினான்.

"இப்ப சல்லடை இல்ல. இருட்டா இருக்கு. பொறி வருதான்னு பாத்துருவோம். நீங்க முறுக்குங்க, நான் பாக்கேன்."

"நான் பாக்கணும்."

அதனால் காளீஸ்வரன் முறுக்கினான். வெள்ளைத்துரை தரையில் கைகளை ஊன்றி நகர்ந்து, சைலன்சர் வாய்க்கு நேராகத் தலையைச் சாய்த்துப் படுத்துக்கொண்டார். எஞ்சின் கத்தியது. ஆயில் புகை பட்டறையை நிறைத்தது. இரண்டு பேரும் இருமினார்கள். ஒன்றும் வரவில்லை. இன்னும் முறுக்கு என்றார். ஒன்றும் வரவில்லை. வெளியே எவனோ ஷட்டர்மேல் ஒரு கை சரளைக்கல்லை வீசினான். அந்தச் சத்தத்தில் இரண்டு பேரின் உயிரும் ஒரு தடவை வெளியே போய்விட்டு வந்தது. காளீஸ்வரன் அவனுடைய வம்சத்தையே வாழ்த்திவிட்டு மறுபடி முறுக்கினான்.

அப்போது ஒன்று வந்தது. கடுகைவிடச் சின்னது, ஆரஞ்சு நிறம். சைலன்சர் வாயிலிருந்து குதித்து, வெள்ளைத்துரையின் கண்ணுக்கு முன்னால் மிதந்து, அணைந்தது.

காளீஸ்வரன் எஞ்சினை நிறுத்தினான். 

"எம்புட்டு தூரம் பறந்துச்சுண்ணே?"

"ஒரு சாண்."

"வேம்புக்கும் நாலாம் நம்பருக்கும் எம்புட்டு இருக்கும்?"

"நாப்பது எட்டு வைக்கிற தூரம் இருக்கும். நான் என்ன நடந்தா பாத்தேன்."

உண்மையில் அது அறுபத்தோரு எட்டு. நடுவே நெஞ்சு உயரத்துக்கு ஒரு மண்சுவரும் உண்டு. அன்றைக்குத் தரையெல்லாம் ஈரம். நாலாம் நம்பரின் கதவு வேம்பைப் பார்த்தும் இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஒரு சாண் பறந்து சாகிற பொறி இவ்வளவையும் தாண்டிப் போக வேண்டுமென்றால் அதற்குப் பேருந்து டிக்கெட்தான் எடுத்துக்கொடுக்க வேண்டும்.

"அது போயிருக்காதுண்ணே" என்றான் காளீஸ்வரன்.

"வந்துச்சுல்ல" என்றார் வெள்ளைத்துரை.

அதற்குமேல் அவன் வாதாடவில்லை. சைலன்சர் முனையில் ஓர் அகலமான குழாயைப் பற்றவைத்து, உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு சல்லடை வைத்தான். அகலம் கூடினால் புகைக்கு வழி கிடைக்கும், பொறிக்குக் கிடைக்காது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை கழற்றி, சூடுகாட்டித் தட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தான். பன்னிரண்டு பல் அப்படியே இருந்தது. இப்போது எஞ்சினுக்கு மூச்சு இருந்ததால் அது பேசாமல் இழுத்தது.

மறுநாள் காலை முழு லோடோடு வண்டி நாற்பத்தொன்றில் நின்றது. முள் ஆடவில்லை. எட்டரை மணிக்கு வெள்ளைத்துரை பெத்தணனை முந்தினார். பேசுவதற்கு ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த ஏழெட்டு வாக்கியங்கள் இருந்தன. காற்று வாய்க்குள் அடைத்ததால் ஒன்றையும் சொல்ல முடியவில்லை. சட்டை முதுகில் புடைத்தது.

பாலத்தில் முன்சக்கரம் ஏறியது.

"நில்லுங்க" என்று கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. மீதி பின்னால் விழுந்துவிட்டது. வெள்ளைத்துரை எண்ணிக்கொண்டே போனார். நாற்பத்துநாலில் இற்றுப்போன கேட்டு வந்தது, போனது. அவர் கேட்ட வேகம், அவர் கேட்டபடியே கிடைத்துவிட்டது.

கேட்டைத் தாண்டி இன்னொரு நூறு அடி போயிருப்பார். ஆக்சிலேட்டரை விட்டார். வண்டி நின்றது. மோரோடு வந்த பெத்தணன், "என்ன அண்ணாச்சி, அதுக்குள்ள முடிஞ்சு போச்சா?" என்று கேட்டபடி கடந்து போனார். வெள்ளைத்துரை அவரைப் பார்க்கவில்லை. வண்டியைத் திருப்பினார். பாலத்துக்கே திரும்பி வந்து, ஓரமாக நிறுத்தி, லேபிள் கட்டுகளைப் பெட்டிக்குள் தள்ளி, மூடியின்மேல் படிந்திருந்த தூசியைத் துண்டால் தட்டிவிட்டார்.

"ஏறு தாயி" என்றார்.

பிறகு இருபத்துநாலில் கிளம்பினார். எழுபத்தைந்து எண்ணினார். கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். உள்ளே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மறுபடி முறுக்கிக்கொண்டு நாற்பத்தொன்றுக்குப் போனார்.

இன்றைக்கும் அப்படித்தான். ஊரிலிருந்து பாலம் வரை அந்த வண்டியை எந்தச் சைக்கிளும் பிடிக்க முடியாது. பாலத்திலிருந்து கேட்டு வரை எந்தச் சைக்கிளும் முந்தலாம். அதற்கப்பால் மறுபடி முடியாது. எஞ்சினில் ஏதோ கோளாறு என்று பெத்தணன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இவ்வளவையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, எழுதியவன் அதை வெள்ளைத்துரையின் சீட்டில் வைத்துவிட்டு ஓடப் பார்த்தான். வெள்ளைத்துரையின் கை அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கை பிடித்தால் விடாது. அவனை நிறுத்தி வைத்துக்கொண்டே, கோழியைத் தள்ளிவிட்டு, முழுவதையும் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"ஒலிய முந்துதா?" என்றார் முதல் பக்கத்தில். "பெறகு ஒனக்கு ஹாரனு எப்பிடிக் கேக்குது?"

எழுதியவன் சிரித்தான். அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"ஷட்டருல கல்லெறிஞ்சவன் எவனோன்னு எழுதியிருக்க. வெளிய நின்னு எம்புட்டு நேரம் ஒட்டுக் கேட்ட?"

அவன் கோழியைப் பார்த்தான்.

"பஞ்சம்மாளு பஞ்சம்மாளுன்னு எழுதியிருக்க. அம்மான்னு ஒரு எடத்துல எழுதுனா பேனா ஒடிஞ்சிருமாலே?"

அவர் விரல் ஒரு வரியில் போய் நின்றது. நெடுநேரம் அங்கேயே நின்றது.

"நான் நாப்பதுன்னுதான் சொன்னேன். காளி அந்தக் கேட்டுக்குள்ள காலே வச்சதில்ல. அறுபத்தோரு எட்டு யாருலே அளந்தது?"

பிடித்த கை சட்டையை விடவில்லை.

"போகையில செருப்ப வெளியதான கழட்டிப் போட்ட?"

எழுதியவன் தலையை மட்டும் ஆட்டினான்.